பதினொரு குரல்கள், நான்கு மைக்குகள்

இவ்வாண்டு நம் பள்ளி ஆண்டு விழாவில் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ‘எஸ்தர்’ நாடகத்தை நடித்ததைப் பெற்றோரும் தோழியரும் கண்டிருப்பீர்கள். திரைக்கு முன்னால் நடந்ததை அனைவரும் கண்டீர்கள். திரைக்குப் பின்னால் இரண்டு மாதம் நடந்த ஒரு சிறு போராட்டத்தை இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறோம். அது ஒரு தோழியின் குரலைப் பற்றியது. எங்கள் கையில் இருந்த கொஞ்சப் பணத்தைப் பற்றியது. அதன் வழியே நாங்கள் வகுப்பறைக்கு வெளியே சிறிது இயற்பியலும் கணிதமும் கற்றோம். நமக்குப் பின் வரும் தங்கைமாருக்கு அது பயன்படும் என்று நம்புகிறோம்.

பிரச்சினை பிறந்த கதை

எஸ்தரின் வரலாறு நாம் அறிந்ததே. ஆமான் என்பவன் யூத மக்களை அழிக்கச் சூழ்ச்சி செய்கிறான். அவர்களைக் காப்பாற்ற எஸ்தர் அரசி மன்னர் அகஸ்வேர் முன் செல்ல வேண்டும். அழைப்பு இல்லாமல் செல்பவருக்கு மரணம் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே அவள் நோன்பிருந்து, தனியே இறைவனிடம் மன்றாடிய பிறகே அரசன் முன் செல்கிறாள். அந்த மன்றாட்டுதான் எங்கள் நாடகத்தின் உயிர். அதை உரக்கச் சொல்ல முடியாது. முழந்தாளிட்டு, தலை குனிந்து, தனக்கும் கடவுளுக்கும் மட்டும் கேட்பதுபோல் சொல்ல வேண்டும்.

எஸ்தராக நடிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட எங்கள் தோழி அப்படித்தான் சொன்னாள். அருகில் நின்ற எங்களுக்குக் கண் கலங்கியது. ஆனால் பதினைந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள், “என்ன சொல்றா? ஒண்ணுமே கேக்கலையே!” என்றார்கள். நம் அரங்கில் மேலிருந்து தொங்கும் மைக் இரண்டும், இருபுறமும் நிற்கும் மைக் இரண்டும் இருக்கின்றன. தொங்கும் மைக் அவளுடைய மெல்லிய குரலை எட்டிப் பிடிக்கவில்லை. ஒலியைக் கூட்டினால் ‘உய்ங்ங்’ என்று கூவியது. உரக்கச் சொல்லச் சொன்னோம். அப்போது மன்றாட்டு, ரேஷன் கடை வரிசையில் நடக்கும் வாக்குவாதம் போல் ஒலித்தது.

நாடகத்தை இயக்கிய சிஸ்டர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்கள்: “ஒண்ணு மைக்கை மாத்தணும், இல்லேன்னா ஆளை மாத்தணும். பத்து நாள் டைம் தர்றேன்.” அன்று மாலை எங்கள் தோழி யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போனாள்.

ஆளை மாற்ற எங்களுக்கு மனமில்லை. எனவே மைக்கைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம்.

அன்றைய மேடையும் இன்றைய மேடையும்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகங்களில் மைக் ஏது? குரல்தான் நடிகரின் முதல் தகுதி. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் (1906–1933), கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் ஒலிபெருக்கியின் துணையின்றிக் கொட்டகையின் கடைசி ஆள் வரை கேட்கும்படி பாடியதை எங்கள் தாத்தா பாட்டிமார் இன்றும் வியந்து சொல்கிறார்கள். எழும்பூரில் உள்ள மியூசியம் தியேட்டர் 1896-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதுவும் மனிதக் குரலை நம்பிக் கட்டப்பட்ட அரங்கமே.

பிறகு ஒலிபெருக்கி வந்தது. 1952-இல் தொடங்கப்பெற்ற யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் போன்ற குழுக்கள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபா நாடகங்களை வளர்த்த காலத்தில், மேடைக்கு மேல் மைக் தொங்கியது. அந்நாளில் நாடகம் பார்த்த பெரியவர்களைக் கேட்டால், முக்கியமான வசனம் வரும்போது நடிகர் இரண்டடி நகர்ந்து மைக்குக்குக் கீழே வந்து நிற்பார் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நடிகர் இருக்கும் இடத்துக்கு மைக் வராது. மைக் இருக்கும் இடத்துக்கு நடிகர் போக வேண்டும்.

இன்னொரு வழியும் நம் ஊரிலேயே உண்டு. ருக்மிணி தேவி 1936-இல் தோற்றுவித்த கலாக்ஷேத்திராவின் நாட்டிய நாடகங்களில், ஆடுபவர் மேடை நடுவே ஆட, பாடுபவர் ஒருபுறம் அமர்ந்து பாடுகிறார். ஆடுபவருக்கு மைக்கே தேவையில்லை. இதைப் பார்த்துத்தான் எங்களுக்கு ஒரு யோசனை பிறந்தது. எங்கள் நாடகத்தில் கதை சொல்பவர்கள் இருவர். அவர்கள் நடமாட வேண்டியதில்லை. அவர்களை நிற்கும் மைக் அருகே நிறுத்திவிட்டால் செலவில்லாமல் இரண்டு மைக் மிச்சம்!

உடலில் அணியும் மைக் எப்படி வேலை செய்கிறது?

மேடை நாடகத்துக்கு உகந்தது உடலில் அணியும் வயர்லெஸ் மைக். மிளகை விடச் சற்றே பெரிய மைக் ஒன்று சட்டையிலோ கன்னத்திலோ இருக்கும். அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று, இடுப்பில் கட்டிய தீப்பெட்டியை விடப் பெரிய டிரான்ஸ்மிட்டருக்குப் போகும். அது குரலை ரேடியோ அலையாக்கி அனுப்பும். மேடையோரம் உள்ள ரிசீவர் அதைப் பிடித்து மீண்டும் குரலாக்கி ஆம்ப்ளிபையருக்குத் தரும்.

இவ்வளவு சிறிய, விலை மலிந்த மைக் நமக்குக் கிடைத்ததற்கு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் ஆகிய இருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1962-இல் அவர்கள் உருவாக்கிய எலெக்ட்ரெட் மைக்கின் வழிவந்ததே இது. ரேடியோ அலையைப் பற்றிச் சொல்லும்போது நம் திருச்சபையையும் மறக்கலாகாது. 1931 பிப்ரவரி 12 அன்று வத்திக்கான் வானொலி திருத்தந்தை பதினோராம் பயஸின் குரலுடன் தொடங்கியபோது, அதை அமைத்துத் தந்தவர் மார்க்கோனியே. மரியாளுக்கு மங்கள வார்த்தை கொண்டுவந்த கபிரியேல் தூதரைத் தொலைத்தொடர்பின் பாதுகாவலராகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951-இல் அறிவித்தார். செய்தியைச் சிதையாமல் கொண்டு சேர்ப்பது வானதூதருக்கு உரிய தொழில் அல்லவா?

சரி, தொங்கும் மைக்கால் முடியாதது இதனால் எப்படி முடிகிறது? காரணம் தூரம். திறந்த வெளியில் ஒலி அழுத்தம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். முழந்தாளிட்ட எஸ்தரின் வாய்க்கும் தொங்கும் மைக்குக்கும் இடையே குறைந்தது 200 சென்டிமீட்டர். மார்பில் குத்திய மைக்குக்கு 20 சென்டிமீட்டர். பத்தில் ஒரு பங்கு தூரம். ஆகவே பத்து மடங்கு அழுத்தம். ஆம்ப்ளிபையரின் குமிழை அதிகம் திருக வேண்டியதில்லை. திருகாவிட்டால் கூவலும் இல்லை. மைக்கில் நுழைந்த ஒலி ஸ்பீக்கரில் வெளிவந்து, அதே மைக்கில் மறுபடி நுழைந்து சுற்றிச் சுற்றி வளர்வதுதான் கூவல்.

முதலில் எண்ணிப் பார்

எங்கள் நாடகத்தில் பேசும் பாத்திரங்கள் பதினொன்று. பதினொரு மைக் வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தோம். எங்களிடம் இருந்ததோ, முன்னாள் மாணவியர் தந்த நன்கொடையும் பள்ளிச் சந்தையில் நாங்கள் சுண்டல் விற்றுச் சேர்த்ததுமாக 20,000 ரூபாய். பெயர்பெற்ற வெளிநாட்டுச் செட் ஒன்றே எங்கள் கையிருப்பை விழுங்கிவிடும். மிக மலிவானதாகப் பதினொன்று வாங்கினால் ஒன்றும் உருப்படியாகப் பேசாது. ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ வேண்டும் என்பார்கள் பெரியோர்.

அப்போது எங்கள் கணித ஆசிரியை, “நாடகத்திலே எத்தனை பேர்னு கேக்காதீங்க. ஒரே நேரத்திலே மேடையிலே எத்தனை பேர் பேசறாங்கன்னு கேளுங்க” என்றார்கள். ஒரு தாளில் காட்சிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பேசுபவர்களைக் குறித்தோம். பெரும்பாலான காட்சிகளில் இருவர் அல்லது மூவர். விருந்துக் காட்சியில் மட்டும் நால்வர். ஆக, நான்கு மைக் போதும். காட்சி மாறும்போது ஒருவரிடமிருந்து கழற்றி இன்னொருவருக்கு மாட்டலாம். கழற்றி, பஞ்சால் துடைத்து, மாட்டி, வயரை மறைக்க இரண்டு நிமிடம் ஆகிறது. அந்த இரண்டு நிமிடம் கிடைக்கும்படி கதை சொல்பவர்களின் வசனத்தைச் சற்று நீட்டி எழுதினோம்.

குறைந்த மைக் சிக்கனம் மட்டுமன்று; நன்மையும்கூட. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், கூவாமல் ஏற்றக்கூடிய ஒலித்திறன் பாதியாகக் குறைகிறது.

ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை

இயற்பியல் ஆசிரியையுடனும் ஒரு தோழியின் தந்தையுடனும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனோம். எலெக்ட்ரானிக் சாமான்களுக்குச் சென்னையில் அதைவிடப் பெரிய சந்தை உண்டோ? ஒரு கடையில் காட்டியதை அடுத்த கடையில் பாதி விலைக்குச் சொல்வார்கள். ஆனால் அதே பொருளா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். நாங்கள் கண்டவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கைப்பேசியில் வீடியோ எடுப்பதற்காக விற்கும் குத்து மைக். எல்லாவற்றிலும் மலிவு இதுவே. ஆனால் இதன் ரிசீவர் கைப்பேசியில் செருகுவதற்காகச் செய்யப்பட்டது. புளூடூத் முறையில் இயங்குவதாக இருந்தால் குரல் சற்றுத் தாமதித்தே வரும். பதிவு செய்வதற்கு அது குறையன்று. மேடையிலோ வாய் அசைந்த பிறகு ஸ்பீக்கர் பேசும்; முன் வரிசையினருக்கு ஒரே சொல் இருமுறை கேட்கும். எனவே இது நமக்கு ஆகாது.

இரண்டாம் வகை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் டிஜிட்டல் மைக். இந்த அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த இந்தியாவில் 2005 முதல் அனுமதி உண்டு. குரல் தெளிவாக இருக்கும். ஆனால் வைஃபையும் புளூடூத்தும் இதே தெருவில்தான் நடக்கின்றன. விழா நாளில் அரங்கு நிறையக் கைப்பேசிகள் இருந்தால் நெரிசல்தான்.

மூன்றாம் வகை, யு.எச்.எஃப். மைக். இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பெட்டியின் பின்புறத்தில் அலைவரிசை மெகாஹெர்ட்ஸ் கணக்கில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் வாங்கக் கூடாது. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு பங்கு 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் கைப்பேசிச் சேவைக்கு விற்கப்பட்டுவிட்டது. 703 முதல் 748 வரை கைப்பேசிகள் பேசுகின்றன. 758 முதல் 803 வரை கோபுரங்கள் பேசுகின்றன. அந்த எண்களுக்குள் விழும் பழைய சரக்கு மைக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அமெரிக்காவிலும் இப்படியே 700 மெகாஹெர்ட்ஸ் மைக்குகளுக்கு 2010 ஜூன் மாதத்தோடு தடை வந்தது. அங்கே ஒதுக்கப்பட்ட செட்டுகளை இங்கே யாரும் நம் தலையில் கட்டிவிடக் கூடாது அல்லவா? எந்த வகையானாலும், மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் ஒப்புதல் பெற்ற கருவிதானா என்று கடைக்காரரிடம் கேட்பது நல்லது.

ஆன்டெனாவின் நீளம் ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் அன்றே கற்றோம். ரேடியோ அலை வினாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. 600 மெகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 60 கோடி அதிர்வுகள். வகுத்தால் அலைநீளம் 50 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 12.5 சென்டிமீட்டர். கடையில் இருந்த யு.எச்.எஃப். ரிசீவரின் ஆன்டெனாவை அளவுகோலால் அளந்தோம். ஏறத்தாழ அவ்வளவே இருந்தது! கடைக்காரர் சிரித்தார், நாங்கள் பெருமிதம் அடைந்தோம்.

கூட்டுத் தொடர்வரிசை செய்யும் குறும்பு

நான்கு மைக் வாங்குவதென்றால், இரட்டை மைக் செட் இரண்டு வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அலைவரிசையை மாற்ற முடியாத மலிவுச் செட்டில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினால், இரண்டும் ஒரே அலையில் பேசி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆகவே பொத்தானை அழுத்தி அலைவரிசையை மாற்றக்கூடிய செட்டாகப் பார்க்க வேண்டும்.

மாற்ற முடிகிறதே என்று சம இடைவெளியில் 520, 521, 522, 523 என வைக்கலாமா? கூடாது என்று ஆசிரியை விளக்கினார்கள். இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே வரும்போது, அவற்றின் அலைகள் கருவிக்குள் கலந்து, யாரும் அனுப்பாத புதிய அலையை உண்டாக்குகின்றன. ஒன்றை இரண்டால் பெருக்கி மற்றதைக் கழித்தால் அந்தப் புதிய அலை எங்கே விழும் என்று தெரியும். 521-ஐ இரண்டால் பெருக்கினால் 1042. அதில் 520-ஐக் கழித்தால் 522. அதாவது, முதல் இரண்டு நடிகைகள் நெருங்கி நின்றால் மூன்றாவது நடிகையின் மைக் கெடுகிறது! நாம் பரீட்சைக்குப் படிக்கும் கூட்டுத் தொடர்வரிசையின் இயல்பே இதற்குக் காரணம். பொது வித்தியாசம் ஒன்றாக இருக்கும் வரை இது நடந்தே தீரும்.

ஆகவே வித்தியாசங்கள் ஒன்றுபோல் வராத எண்களைத் தேடினோம். 520, 521, 523, 527 என்று வைத்துப் பாருங்கள். இவற்றில் எந்த இரண்டை எடுத்தாலும் வித்தியாசம் 1, 2, 3, 4, 6, 7 என்று வெவ்வேறாகவே வரும். இரண்டால் பெருக்கிக் கழித்தாலும், இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழித்தாலும், விடை மற்றொரு மைக்கின் மேல் விழாது. இந்த எண்கள் எடுத்துக்காட்டே. கருவியில் எந்த எண்கள் உள்ளனவோ அவற்றுக்கு இதே முறையில் கணக்குப் போட வேண்டும். ‘இந்தக் கணக்கெல்லாம் வாழ்க்கையில் எதற்கு?’ என்று கேட்டவர்கள் எங்களில் சிலர் உண்டு. அவர்கள் இப்போது கேட்பதில்லை.

மைக் செட்காரர் சொன்ன பாடம்

நாங்கள் உடனே வாங்கிவிடவில்லை. மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவுக்கும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை திருவிழாவுக்கும் பலகாலம் மைக் கட்டிய பெரியவர் ஒருவர் எங்களுக்கு உதவ முன்வந்தார். அவர் சொன்னது இது: “கடையிலே நல்லாத்தான் பேசும், பாப்பா. காலி ஹால்லேயும் பேசும். ஜனம் உக்காந்தப்புறம் பேசுதான்னு பாருங்க.”

இரண்டு வகைச் செட்டுகளை ஒருநாள் வாடகைக்கு எடுத்துச் சோதித்தோம். ரிசீவரை அரங்கின் பின்பக்கம், ஆம்ப்ளிபையர் மேசையில் வைத்தோம். காலி அரங்கில் இரண்டுமே தங்கமாகப் பேசின. பிறகு ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாரையும் உட்கார வைத்தோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக் மேடையின் இடது மூலையில் விட்டுவிட்டுப் பேசியது. யு.எச்.எஃப். மைக் ஒருமுறை மட்டும் தடுக்கியது. தங்கைமார் எழுந்து நின்று கைதட்டியபோது இரண்டும் திணறின. மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் ரேடியோ அலையை உறிஞ்சும். அலைநீளம் குறையக் குறைய இந்தத் தொல்லை கூடும்.

பெரியவர் ரிசீவரைத் தூக்கிக்கொண்டு போய், மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால், உயரமான ஸ்டூலின் மேல், நடிகையருக்கு நேராகத் தெரியும்படி வைத்தார். இரும்பு பீரோவிலிருந்து விலக்கி, ஆன்டெனா இரண்டையும் ‘வி’ எழுத்துப்போல் விரித்தார். அங்கிருந்து ஆம்ப்ளிபையருக்கு நீள வயர் இழுத்தார். அத்துடன் தொல்லை தீர்ந்தது! வயர்லெஸ் அலைக்குக் குறுகிய வழியையும், வயருக்கு நீண்ட வழியையும் கொடுக்க வேண்டும் என்பதே அவர் கற்பித்த பாடம். இதற்குச் செலவு, வயருக்கான காசு மட்டுமே.

அலைவரிசையை மாற்றக்கூடிய யு.எச்.எஃப். இரட்டைச் செட் இரண்டைத் தேர்ந்தெடுத்தோம். செட்டுகளும் வயரும் பேட்டரிகளும் எங்கள் 20,000 ரூபாய்க்குள் அடங்கின. நாள் வாடகைக்கு எடுக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். ஒத்திகைக்கு மட்டும் பத்து நாள் மைக் தேவைப்பட்டது. தவிர, சொந்தமாக இருந்தால் காலை வழிபாட்டுக்கும் விளையாட்டு விழாவுக்கும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் உதவும். ஒரே ஒரு நாள் நிகழ்ச்சிக்காக மட்டும் என்றால் வாடகையே சிக்கனம்.

மார்பிலா, கன்னத்திலா?

மார்பில் குத்தும் மைக் கண்ணுக்கு உறுத்தாது. ஆனால் எஸ்தர் கைகூப்பி மன்றாடும்போது, கூப்பிய கைகள் மைக்கின் மேலேயே உரசின. பட்டுப் புடவையின் சரசரப்பும் மாலையின் உராய்வும் இடி இடிப்பதுபோல் கேட்டன. தலையைத் திருப்பினால் குரல் தேய்ந்தது. கன்னத்தில் ஒட்டும் மைக் வாயிலிருந்து 4 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். 20 சென்டிமீட்டரோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு அழுத்தம். தலை திரும்பினாலும் மைக் கூடவே திரும்பும். அதை வாய்க்கு நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் மூச்சுக் காற்று மோதி ‘டப்’பென்று வெடிக்கும். வாயோரத்துக்குச் சற்றுத் தள்ளி வைத்து, தோல் நிற டேப்பால் ஒட்டினோம். கிரீடத்தின் சரம் அதை மறைத்தது.

டிரான்ஸ்மிட்டருக்குத் தையல் வகுப்பில் நாங்களே நாடாப் பை தைத்தோம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை வயர் வழியே இறங்கிப் பெட்டிக்குள் போய்விடும். பெட்டிக்கு அருகே வயரை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால், வியர்வைத் துளி வளையத்தின் அடியிலேயே சொட்டிவிடும். கடற்காற்றின் உப்பு உலோக முனைகளை அரிப்பதால், விழா முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். விழா அன்று புதிய பேட்டரியே போட வேண்டும். நேற்று ஒத்திகையில் பயன்பட்ட பேட்டரி இன்று மன்றாட்டின் நடுவே உயிரை விடலாம்.

இன்னொன்றும் கற்றோம். ஓர் ஒத்திகையில், மேடையை விட்டு இறங்கிய ஆமான், மைக் திறந்திருப்பதை மறந்து, “ரொம்பப் பசிக்குதுடி, சமோசா வந்துடுச்சா?” என்று கேட்டது அரங்கம் முழுவதும் முழங்கியது. அன்று முதல் மைக்கைத் திறப்பதும் மூடுவதும் ஆம்ப்ளிபையர் மேசையில் அமர்ந்த இரு தோழியரின் பொறுப்பாயிற்று. கையில் நாடகப் பிரதியும் பென்சிலுமாக அவர்கள் உழைத்த உழைப்பு மேடையில் தெரியாது, காதுக்குத் தெரியும்.

யாருக்கு மைக்?

நான்கு மைக் வந்தபின் எழுந்த கேள்வி இதுதான். பெரிய பாத்திரங்களுக்குத் தர வேண்டும் என்றார்கள் சிலர். அரசனாக நடித்த தோழி, “ராஜாவுக்கே மைக் இல்லையா?” என்று வருந்தினாள். சிஸ்டர் அவளைக் கடைசி வரிசைக்கு முன்னால் நிறுத்தி, மைக் இல்லாமல் பேசச் சொன்னார்கள். பிறகு மேடையில் நின்று பேசச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் அவள் குரல் கணீரென்று கேட்டது. “உனக்குக் கடவுள் ஏற்கெனவே ஒரு மைக் கொடுத்திருக்கார்மா. கொடுக்காதவங்களுக்கு நாம கொடுப்போம்” என்றார்கள். அவளே சிரித்துவிட்டாள்.

ஆகவே பதினொரு பேரையும் மேடையில் நிறுத்தி, பின் வரிசையிலிருந்து கேட்டு, கேட்காத குரல்களுக்கே மைக் என்று முடிவு செய்தோம். எஸ்தருக்கு ஒன்று. மூன்றே வரி பேசும் தோழிப் பெண்ணுக்கு ஒன்று. மொர்தக்காய்க்கு ஒன்று. நான்காவது, காட்சிக்கேற்ப மூவரிடம் மாறி மாறிப் போயிற்று. அரசனும் ஆமானும் நிற்கும் மைக்கையும் தங்கள் தொண்டையையுமே நம்பினார்கள்.

அதற்காக எஸ்தரும் சும்மா இருந்துவிடவில்லை. மைக் குரலைப் பெரிதாக்கும், தெளிவாக்காது. விழுங்கிய எழுத்து, பெரிதாக விழுங்கிய எழுத்தாகவே கேட்கும். தினமும் மாலையில் மூச்சை வயிறு வரை இழுத்து, ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் முழுதாக உச்சரிக்கப் பழகினாள். மைக் இல்லாமலும் முழு நாடகத்தை இருமுறை ஒத்திகை பார்த்தோம். அது நல்லதாயிற்று. விழா அன்று மூன்றாம் காட்சியில் மொர்தக்காயின் பேட்டரி மூடி கழன்று, மைக் ஓய்ந்துவிட்டது. அவள் பதறாமல், அரண்மனை வாயிலை நோக்கி நடப்பதுபோல் நிற்கும் மைக் அருகே போய்ப் பேசி முடித்தாள். பலருக்கு அது தெரியவே இல்லை.

மன்றாட்டுக் காட்சி வந்தது. விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. எங்கள் தோழி தலைகுனிந்து, மெல்லிய குரலில், யாருக்கும் கேட்க வேண்டாம் என்பதுபோல் சொன்னாள். கடைசி வரிசையில், கதவோரம் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த அவள் பாட்டிக்கும் அது கேட்டது. முடிந்ததும் பாட்டி “ஆமென்” என்று சொன்னதை, கதவருகே நின்ற நாங்கள் கேட்டோம்.

முடிவுரை

நாங்கள் கற்றதைச் சுருக்கமாகத் தங்கைமாரிடம் ஒப்படைக்கிறோம். மைக் வாங்கு முன் ஒரே நேரத்தில் பேசுபவர்களை எண்ணுங்கள். அலைவரிசை எண்ணைப் படியுங்கள். மாற்றக்கூடிய செட்டாக வாங்குங்கள்; சம இடைவெளியில் வைக்காதீர்கள். ஜனம் நிறைந்த அரங்கில் சோதியுங்கள். ரிசீவரை மேடையருகே வையுங்கள். புதிய பேட்டரிக்குப் பணம் ஒதுக்குங்கள். மைக் இல்லாமலும் ஒத்திகை பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாத்திரத்தின் பெருமையைப் பார்த்து மைக் கொடுக்காதீர்கள். குரல் எட்டாதவரைப் பார்த்துக் கொடுங்கள்.

நான்கு மைக்குகளும் இப்போது அலுவலக அறை அலமாரியில், டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. அலைவரிசைக் கணக்கு எழுதிய தாளையும் உள்ளேயே வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு மெல்லிய குரலுள்ள ஒரு தங்கை மேடையேறத் தயங்கினால், அந்த டப்பாவைத் திறந்து கொடுங்கள்.

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் சார்பில்